இடது பெட்டி

பேட்டரியின் பிளஸ் முனையைச் சரியான கம்பியில் வைத்தால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே துள்ள வேண்டும். மாற்றி வைத்தால் உள்ளே போக வேண்டும். மூன்றாவது வழி என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு முறை ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்து பார்த்தவனுக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கூடத்துத் தரையில் பழைய போர்வையை விரித்து மல்லாத்திப் போட்டிருந்த இடது பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவன் பேட்டரியை எப்படியெல்லாமோ திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான். இப்படி வைத்தாலும் கூம்பு உள்ளே போனது. அப்படி வைத்தாலும் உள்ளேதான் போனது.

அதுகூடப் பரவாயில்லை. பேட்டரியை எடுத்த பிறகும் அது திரும்பி வரவில்லை. எக்கிப் பிடித்த வயிறு மாதிரி அப்படியே நின்றது. ஸ்க்ரூ டிரைவரைத் தேட முகத்தைத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தபோது அது பழைய இடத்துக்கு வந்திருந்தது.

காற்று புகாத பெட்டி என்றால் கூம்பு மெதுவாகத்தான் திரும்பும், அதுதான் நல்ல பெட்டிக்கு அடையாளம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். திசைக் குழப்பத்துக்குக் காரணம் பேட்டரியாகத்தான் இருக்கும், பழசு. ஏதோ ஒரு முனையில் குத்துமதிப்பாகச் சிவப்புப் பொட்டு வைத்து, இதுதான் பிளஸ் என்று முடிவு கட்டினான். ஆசை வந்துவிட்டவனுக்குக் காரணமா கிடைக்காது?

பிழைப்புக்கு அவன் செய்வது பல்செட். டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சுகளுக்குப் பொருந்தும்படி பல் கோத்துக் கொடுக்கிற வேலை. மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்கு ஈறு புண்ணாகும் என்பதால் கையில் நல்ல நிதானம் உண்டு. அந்த நிதானத்தை வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கரிடம் காட்டுவான். கடையில் வாங்கிய பெட்டியை வாங்கியபடி கேட்கிற ஜாதி இல்லை அவன். திறக்க வேண்டும், கழற்ற வேண்டும், எதையாவது மாற்ற வேண்டும். மாற்றியதும் வேறு ஏதாவது கெடும். கெட்டது எது என்று தேடுவதில்தான் அவனுக்குச் சுகமே. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கு நேர் வாரிசு என்பாள் மனைவி. ஆனால் காது மட்டும் அபாரம். பக்கத்து வீட்டு மிக்சியில் பேரிங் தேய்ந்திருப்பதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே சொல்லிவிடுவான். பாம்புச்செவி என்று நண்பர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. மனைவியும் சந்தோஷமாக இருக்கிற நாளில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அன்று அப்படிக் கூப்பிடவில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, மாலை ஆறு மணி வரை ட்யூட்டி. ஏழு வயது மகளுக்கு இரண்டு நாளாகச் சளி. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

"பாப்பாவப் பாத்துக்குங்க. பெட்டிய இல்ல, பாப்பாவ. பாத்ரூம் தாழ்ப்பாள் வேற மாட்டிக்குது. அதச் சரி பண்ணச் சொல்லி எத்தன வாரமாச்சு?"

தலையாட்டினான். அதை மட்டும் அவன் நன்றாகவே செய்வான்.

பெட்டியில் புதிதாகப் பொருத்தியது ஊஃபர், அதாவது அடித்தொண்டைச் சத்தங்களைத் தருகிற பெரிய கூம்பு. உண்மையில் அது புதிது இல்லை. அவன் வாடிக்கையாகப் போகும் ரேடியோ மெக்கானிக்கின் கடையில், கழற்றிப் போட்ட சாமான்களுக்கு அடியில் கிடந்தது. பெயரும் இல்லை, பிளஸ் மைனஸ் குறியும் அழிந்துபோயிருந்தது. மூன்று பேர் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று மெக்கானிக் சொன்னார். ஏன் என்று கேட்டான். பாட்டெல்லாம் நன்றாகத்தான் பாடுகிறதாம், வீடுதான் ரொம்ப அமைதியாகிவிடுகிறதாம். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அமைதியை ஒரு குறையாகச் சொல்லித் திருப்பிக் கொடுக்கிற ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்களே!

ஊஃபரின் விளிம்பில் ஊசிமுனை அளவு ஓட்டைகூட இருக்கக் கூடாது என்று, பல்செட்டுக்கு உருவம் பிடிக்கிற இளஞ்சிவப்பு மெழுகை உருக்கிச் சுற்றிலும் பூசினான். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து குனிந்து பார்த்தாள். பெட்டிக்கு ஈறு முளைச்சிருக்கு, பல்லுதான் இன்னும் வரல என்றாள். கூம்புக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் ஏதோ ரகசியம் சொன்னாள். கூம்பு மெல்ல உள்ளே போனது. அதைப் பார்த்துச் சிரித்து, இன்னொரு ரகசியமும் சொன்னாள். எச்சில் படும், தள்ளிப் போ என்று விரட்டினான். "சத்தம் போடாம போய் விளையாடு. அப்பா பாட்டுக் கேக்கணும்."

அவள் போனாள். அதற்குப் பிறகு சத்தமே போடவில்லை.

பதினோரு மணி சுமாருக்குப் பெட்டி நிமிர்ந்தது. வலது பெட்டி பழையபடி இருந்தது, இடதில் மட்டும் மாற்றம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது மெக்கானிக் கற்றுக்கொடுத்த பாடம். எந்த மாற்றம் செய்தாலும் அவன் முதலில் போடுவது ஒரே இசைத்தட்டுதான். ஒரு பெண் தனியாகப் பாடுவாள், பின்னால் ஒரு வயலினும் தூரத்தில் ஒரு தாளமும். இருபது வருடமாகக் கேட்ட தட்டு. அந்தப் பெண் எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள், எந்த அடியில் வயலின்காரரின் நாற்காலி கிறீச்சிடும் என்பதெல்லாம் மனப்பாடம். ஊசியை வைத்துவிட்டுக் கண்ணை மூடினான்.

அடேயப்பா! இப்படி ஒரு துல்லியத்தை அவன் கேட்டதே இல்லை. வழக்கமாகப் பாட்டுக்கு அடியில் வீடு பூராவும் ஓடிக்கொண்டிருக்கிற சில்லறைச் சத்தங்கள், பிரிட்ஜின் முனகல், மின்விசிறியின் கடகடப்பு, தெருவில் போகிற வண்டி, மாடிப்படியில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு நடப்பது, எதுவுமே இல்லை. துடைத்து வைத்தாற்போல இருந்தது. அந்தச் சுத்தமான வெறுமையில் பெண்ணின் குரல் மட்டும் நின்றது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் அதைக் கேட்டான். இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில், வயலினுக்கும் பின்னால், மிகவும் தள்ளி, ஒரு குழந்தைக் குரல். என்ன சொல்கிறது என்று புரியவில்லை.

இருபது வருடமாக இது என் காதில் விழவில்லையே என்று பூரித்துப்போனான். பாட்டைப் பதிவு செய்த அன்று யாரோ குழந்தையைக் கூட்டி வந்திருக்கிறார்கள், அது எங்கோ ஒரு மூலையில் கூப்பிட்டிருக்கிறது, ஒலிப்பதிவு செய்தவருக்கே தெரியாத அந்தச் சத்தத்தை இந்தப் பெட்டி தோண்டி எடுத்துவிட்டது. நண்பர்களிடம் எப்படிச் சொல்வது என்றுகூட மனத்துக்குள் ஒத்திகை பார்த்தான். ஊசியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

அந்த இடம் வந்தது. குழந்தை இல்லை.

அடுத்த வரியில் வந்தது. பிறகு அதற்கடுத்த வரியிலும். தாளத்தோடு ஒட்டாமல், பாட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், விட்டு விட்டு வந்தது. மூன்றாவது முறையும் ஊசியைத் தூக்கி வைத்தான். பெட்டியின் அருகில் போய் மண்டியிட்டு, மெழுகு விளிம்பில் காது உரச உட்கார்ந்தான். சூடு ஆறாத மெழுகின் வாடையும், அதற்கு அடியில் மூடிக் கிடந்த அறையைத் திறந்தாற்போல ஒரு ஈர வாடையும் வந்தன. பாட்டு முடிந்து தட்டு வெறுமனே சுற்றியது. குரல் மட்டும் நிற்கவில்லை.

"அப்பா... கதவு... தொறக்க மாட்டேங்குது..."

எழுந்து ஓடினான். கூடத்திலிருந்து பாத்ரூம் பத்தடி தூரம்தான். ஓடும்போது தன் காலடி கேட்கவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. கதவு அதிர்ந்துகொண்டிருப்பதைத்தான் பார்த்தான். உள்ளிருந்து யாரோ இரண்டு கையாலும் அடிக்கிறார்கள். பலகை நடுங்குகிறது. நிலைக்கு மேலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது. துளிச் சத்தம் இல்லை.

தோளால் மோதினான். மூன்றாவது மோதலில் தாழ்ப்பாள் பெயர்ந்து வந்தது.

மகள் வியர்வையில் தொப்பலாக நின்றாள். முஷ்டிகள் சிவந்து, ஒரு விரல் மூட்டில் தோல் பிய்ந்திருந்தது. எவ்வளவு நேரமாகக் கத்திக்கொண்டிருந்தாளோ! அவன் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்கவா? அவளை வாரி எடுத்தான். வாய் அகலத் திறந்து, உள்நாக்குத் தெரிய, உடம்பெல்லாம் குலுங்க அவள் அழுதாள். காதோடு வாய் ஒட்டியிருந்தது. சூடான மூச்சு காதில் பட்டது. அழுகை மட்டும் அங்கே இல்லை.

அழுகை கூடத்தில், இடது பெட்டியில் கேட்டது.

அவளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடி ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். அழுகை நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். நிற்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் சத்தமில்லாமல் நகர, அதன் டிக் டிக் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. சமையலறைக் குழாய் சொட்டுவதும் அங்கிருந்துதான். மின்சாரம் இல்லாமல், பாட்டு இல்லாமல், கூம்பு ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு நூலளவு உள்வாங்கிக்கொண்டிருந்தது.

கழற்றி வைத்திருந்த பழைய ஊஃபரைத் தேடுவதா, பெட்டியைத் தெருவில் வீசுவதா என்று ஒன்றும் ஓடவில்லை. வீசினால் உள்ளே போனது என்னவாகும்? மெக்கானிக்குக்குப் போன் போட்டான். அண்ணே, அந்த ஊஃபர் என்று ஆரம்பித்தான். முழுதாகச் சொல்ல முடியவில்லை. பாப்பாவோட குரல் உள்ளே போயிடுச்சு என்று எந்த வாயால் சொல்வது? சத்தத்தை உள்ளே இழுக்குது என்று மட்டும் சொன்னான்.

மெக்கானிக் நிதானமாகக் கேட்டார். அவருக்கு இது தினமும் பத்துப் பேர் சொல்கிற பழுதுதான். "பிளஸ் மைனஸ் மாறிப் போயிருக்கும் தம்பி. ரெண்டு கம்பியையும் மாத்திப் போடு. வேற எதையும் தொடாத. மாத்திட்டுக் கொஞ்ச நேரம் பொறு. நீ எப்பவும் பொறுக்க மாட்ட, அதான் உன்னோட வியாதி."

சரி என்றான்.

"என்ன, கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு? தம்பி? கேக்குதா?"

கேட்கிறது என்றான். கேட்கிறது, கேட்கிறது என்று நாலு தடவை சொன்னான். அவர் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். அந்த நாலு 'கேட்கிறது'ம் ஒன்றன்பின் ஒன்றாக இடது பெட்டியிலிருந்து வந்ததை அவன் கேட்டான்.

மகளைத் தரையில் உட்கார வைத்தான். அவள் அவன் சட்டையை விடவில்லை. ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு, மறு கையால் பெட்டியின் பின்பக்கம் இருந்த இரண்டு கம்பிகளையும் கழற்றினான். கம்பி முனை இரண்டு தடவை விரலிலிருந்து நழுவியது. மயிரிழை பிசகாத கை அது. சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பு. கறுப்பு இருந்த இடத்தில் சிவப்பு. திருகி முறுக்கினான்.

கூம்பு முதல் முறையாக வெளியே துள்ளியது.

ஒரு கதவு சாத்திக்கொண்டது. அவன் வீட்டுக் கதவு இல்லை. கனமான, பழைய மரக்கதவு. பிறகு வாளியில் தண்ணீர் விழுவது, யாரோ பாத்திரம் தேய்ப்பது, ஒரு நாயின் குரைப்பு. பெட்டியிலிருந்து அல்ல, வீடு பூராவும் கேட்டது. குழாய் சொட்டியபோது நாய் குரைத்தது. கடிகார முள் நகர்ந்தபோது பாத்திரம் உரசியது. எல்லாம் வேறு யாருடையதோ, எப்போதோ உள்ளே போனவை. அவனுக்குப் புரிந்துவிட்டது. முதலில் போனதுதான் முதலில் வருகிறது. இவர்களுடையது கடைசியில் வரும். பொறுக்க வேண்டும். அவ்வளவுதான். பொறுத்தால் போதும்.

மகளின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். கொஞ்சம் இரு கண்ணு, வந்துடும் என்று உதட்டை அசைத்துக் காட்டினான். அவள் அழுதுகொண்டே ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

வந்தது ஒரு கிழவரின் இருமல்.

கபம் கட்டிய, நெஞ்சைக் கிழிக்கிற இருமல். ஏழு வயதுத் தொண்டையிலிருந்து. அவள் கண்கள் விரிந்தன. வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் மறுபடி வந்தது. தொடர்ந்து ஒரு பெண்ணின் சிரிப்பு. யாரையோ திட்டுகிற ஒரு ஆண். இன்னொரு குழந்தை, வேறு குழந்தை, அதுவும் அப்பா என்றுதான் கூப்பிட்டது. பிறகு அந்த இருமல், நிற்காமல். அதற்கு ஏற்ற நெஞ்சு அவளிடம் இல்லை. முகம் சிவந்து, பிறகு நீலம் பாரித்தது. மூச்சு வாங்க இடமே இல்லாமல் குரல்கள் வரிசை கட்டி வந்தன. அவள் அவனையே பார்த்தாள். நிறுத்துங்கப்பா என்று கண் சொன்னது.

எந்த அப்பன் பொறுப்பான்?

கட்டிங் பிளேயரை எடுத்தான். இரண்டு கம்பியையும் சேர்த்துப் பிடித்தான். ஒரே வெட்டு.

எல்லாம் நின்றது. மகள் அவன் மேல் சாய்ந்து மூச்சை இழுத்தாள். உயிர் இருந்தது. மார்பு ஏறி இறங்கியது. மடியில் போட்டுக்கொண்டு முதுகைத் தடவினான். கொஞ்ச நேரம் அது போதும் என்று இருந்தது.

அப்புறம்தான் அந்த அமைதி. பெட்டிக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை. கடிகாரம் எங்கேயும் கேட்கவில்லை. அவள் உதடு அப்பா என்று அசைந்தது. எங்கிருந்தும் வரவில்லை.

அறுந்த நுனிகளைச் சீவி முறுக்கிப் பார்த்தான். சிவப்பில் சிவப்பு. கூம்பு உள்ளே போனது. மாற்றிப் போட்டான். உள்ளேதான் போனது. பேட்டரியை வைத்தான். இப்படி. அப்படி. உள்ளே. உள்ளே. ஒன்றை மாற்று, பொறு. மாற்றினான். பொறுத்தான். மதியம் போய் வெயில் சன்னலிலிருந்து சுவருக்கு ஏறியது. நூறு தடவை இருக்கும். மெழுகில் விரல் பதிந்து, விளிம்பு முழுக்கக் கடித்த தடம் போல ஆகிவிட்டது. கடைசியில் கம்பிகளைக் கீழே போட்டுவிட்டு, மகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். பெற்ற பிள்ளையின் குரல் கைக்கெட்டும் தூரத்தில், ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கிறது. எடுக்கத் தெரியவில்லை. உலகத்தில் எத்தனையோ பழுதைத் தேடிக் கண்டுபிடித்தவனுக்கு இது முடியவில்லை.

அவள் மறுபடி அழ ஆரம்பித்தாள். வாய் திறந்து மூடியது. எந்தக் கம்பியும் இல்லாமல், அதே நேரத்தில், அதே அளவுக்கு, கூம்பும் போய்ப் போய் வந்தது.

ஆறு மணி தாண்டி வாசல் கதவின் குமிழ் திரும்பியது. சத்தமில்லை, திரும்புவதைப் பார்த்தான்.

மனைவி. தோளில் பை. நர்ஸ் உடுப்பு. பெயர்ந்து கிடந்த தாழ்ப்பாளைப் பார்த்தாள். மகளின் விரலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

பேசாதே.

தொண்டை கிழியக் கத்தினான். ஒன்றும் வரவில்லை. கையை ஆட்டினான். தன் வாயைப் பொத்திக் காட்டினான். அவளுக்குப் புரியவில்லை. முகம் பதறியது. பையைத் தரையில் போட்டுவிட்டு இரண்டடி முன்னால் வந்தாள்.

அறுந்த கம்பிகளுக்கு மேலே, இளஞ்சிவப்பு ஈறுக்கு நடுவில், கூம்பு மெதுவாக உள்ளே போனது. போய், அங்கேயே நின்றது.

அவள் வாயைத் திறந்தாள்.